கிரிப்டோ நாணயமும் இரண்டாம் அடுக்கு வலைப்பின்னல்களும்

பிட்காயின் முதலிய கிரிப்டோ நாணயங்களைப் பற்றி இன்று சிற்றூர்களிலும் பேச்சு அடிபடுகின்றது. கள ஊழியர்களை அணுகி, "கைப்பேசியின் வழியே நொடிப்பொழுதில், செலவின்றி, அயல்நாட்டிலிருந்து பணம் வரும் என்கிறார்களே, உண்மையா?" என்று குடிமக்கள் வினவுகின்றனர். மாணவர்கள் ஆசிரியர்களிடம் இதே கேள்வியைக் கேட்கின்றனர். இதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் விடையளித்தல் இயலாது. அவ்வாறு விடையளிப்பது சிலருக்குப் பொருள் நட்டத்தையும் விளைவிக்கக்கூடும். விரைவும் சிக்கனமும் எவ்விதம் கிடைக்கின்றன, அவற்றுக்கு ஈடாக எதனைக் கொடுக்க வேண்டியுள்ளது என்பவற்றை அறிந்த பின்னரே தக்க விடை கூற முடியும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேரேட்டின் இடநெருக்கடி

சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர், அல்லது ஒரு குழுவினர், 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பிட்காயின் பற்றிய திட்டத்தை வெளியிட்டனர். 2009 ஜனவரி 3ஆம் நாள் அது செயற்படத் தொடங்கியது. வங்கியில் நம் கணக்கு வங்கியின் பேரேட்டில் மட்டுமே இருக்கும். பிட்காயினிலோ பேரேடு ஒன்றே. அதன் படிகள் உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணிப்பொறிகளில் உள்ளன. எவர் எவருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதை அக்கணிப்பொறிகள் அனைத்தும் தனித்தனியே சரிபார்க்கின்றன. நடுவே ஒரு வங்கியை நம்பாமல் பணம் கொடுக்கவும் வாங்கவும் இதனால் இயலுகின்றது.

ஆயினும், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எல்லோரும் சரிபார்க்க வேண்டுமானால் வேலை மெதுவாகவே நடைபெறும் என்பது வெளிப்படை. பிட்காயினில் புதிய பதிவுகள் ஒரு கட்டாகச் சேர்க்கப்பட்டு, சராசரியாகப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை பேரேட்டில் இணைக்கப்படுகின்றன. கட்டின் அளவுக்கும் வரம்பு உண்டு. ஆகவே நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ ஏழு பதிவுகளே அதில் இடம்பெற முடியும். நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் அது ஏறத்தாழ ஆறு இலட்சம் ஆகின்றது. நம் நாட்டின் யு.பி.ஐ. முறையில் 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 1,000 கோடிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள் நடைபெற்றன. சராசரியாக நொடிக்கு 3,700க்கும் மேல் என்பது இதன் பொருள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறவும் வேண்டுமோ?

இடம் குறைவாகவும் விரும்புவோர் மிகுதியாகவும் இருப்பின், அதிகக் கட்டணம் தருவோருக்கே இடம் கிடைக்கும். 2017 டிசம்பரில் ஒரு பதிவுக்குரிய சராசரிக் கட்டணம் 50 டாலரைக் கடந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்கு இத்தகைய பேரேட்டில் பணம் செலுத்துவது எவ்வாறு பொருந்தும்?

பேரேட்டின் கட்டுகளைப் பெரிதாக்கலாம் என்பது ஒரு சாராரின் யோசனை. அவ்வாறு செய்தால் பேரேடு விரைந்து பெருகி, எளிய கணிப்பொறி உடையோர் அதனைச் சரிபார்க்க இயலாமற் போவர். சரிபார்க்கும் உரிமை சில பெரிய நிறுவனங்களின் கையில் ஒடுங்கும் என்று மற்றொரு சாரார் வாதிட்டனர். இக்கருத்து வேறுபாட்டினால் 2017 ஆகஸ்டில் பிட்காயின் கேஷ் என்னும் தனி நாணயமே பிரிந்து சென்றது. எஞ்சியோர் தேர்ந்தெடுத்த வழிதான் இரண்டாம் அடுக்கு. பேரேட்டைப் பெரிதாக்காமல், பேரேட்டுக்கு வெளியே கணக்கை நடத்தி, முடிவை மட்டும் பேரேட்டில் பதிவதே அதன் அடிப்படைக் கருத்தாகும்.

இரு பத்திரங்கள், இடையே பல சீட்டுகள்

இக்கருத்து நமக்குப் புதியதன்று. கூட்டு வணிகம் செய்யும் இருவர், ஒப்பந்தத்தைத் தொடக்கத்தில் ஒரு முறையும், கலைக்கும்போது மறுமுறையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகின்றனர். இடையே நாள்தோறும் நிகழும் வரவு செலவை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதில்லை. தங்களுக்குள் கையொப்பமிட்ட சீட்டுகளில் குறித்துக்கொள்கின்றனர்.

ஜோசப் பூன், தேடியஸ் டிரைஜா என்னும் இருவர் 2015இல் முன்வைத்து, 2016 ஜனவரியில் விரிவாக வெளியிட்ட 'லைட்னிங்' என்னும் திட்டம் இத்தகையதே. லைட்னிங் என்பதற்கு மின்னல் என்பது பொருள். இருவர் சேர்ந்து ஒரு தொகையைப் பேரேட்டில் பூட்டி வைக்கின்றனர். இருவரின் மின்னணுக் கையொப்பமும் இருந்தாலன்றி அப்பூட்டைத் திறக்க இயலாது. இவ்வேற்பாட்டை ஆங்கிலத்தில் 'சானல்' என்பர். நாம் வாய்க்கால் எனலாம். வாய்க்கால் திறக்கப்பட்ட பின், தொகையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று குறிக்கும் சீட்டில் இருவரும் கையொப்பமிடுகின்றனர். பணம் கைமாறும்போதெல்லாம் புதிய சீட்டு எழுதப்படும், பழையது செல்லாததாகும். மணிச்சட்டத்தின் ஒரு கம்பியில் பத்து மணிகள் இருப்பதாகக் கொள்வோம். மணிகளை இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் எத்தனை முறை வேண்டுமானாலும் தள்ளலாம். மொத்தம் மட்டும் பத்துக்கு மேற்படாது. வாய்க்காலின் இயல்பும் இதுவே.

ஒருவர் ஏமாற்ற எண்ணி, தமக்குச் சாதகமான பழைய சீட்டைப் பேரேட்டில் பதிய முயன்றால் என்ன ஆகும்? இதற்குத் திட்டத்திலேயே தண்டனை வகுக்கப்பட்டுள்ளது. பழைய சீட்டு ரத்தாகும் பொழுது அதற்குரிய இரகசியச் சாவி ஒன்று எதிராளியிடம் ஒப்படைக்கப்படுகின்றது. குறித்த காலத்துக்குள் எதிராளி அச்சாவியைக் காட்டினால், ஏமாற்ற முயன்றவரின் பங்கும் சேர்ந்து தொகை முழுவதும் எதிராளியையே சேரும். ஆயின், அதற்கு அவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தாமே கண்காணிக்க இயலாதவர்கள் அப்பணியைக் 'காவற்கோபுரம்' எனப்படும் சேவைகளிடம் ஒப்படைப்பதுண்டு.

இடையாளரை நம்பாமல் இடையாளர் வழியே

நாம் பணம் தரவேண்டிய ஒவ்வொருவருடனும் தனி வாய்க்கால் வெட்டுதல் நடவாத காரியம். எனவே வாய்க்கால்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. கொச்சி வணிகருக்கு நாகபுரி வணிகரோடும், நாகபுரி வணிகருக்குக் கௌஹாத்தி வணிகரோடும் வாய்க்கால் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கொச்சியிலிருந்து கௌஹாத்திக்கு நூறு அலகு செல்ல வேண்டும். கொச்சி வணிகர் நாகபுரியாரிடம் கொடுத்து, அவர் அதை அப்பால் கொடாமல் தாமே வைத்துக்கொண்டால் என் செய்வது?

இங்கே ஒரு கணித உத்தி கையாளப்படுகின்றது. கௌஹாத்தி வணிகர் ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்து, அதனை ஷா-256 என்னும் கணித முறையில் இட்டு, கிடைக்கும் விடையை மட்டும் கொச்சிக்கு அனுப்புகின்றார். எண்ணிலிருந்து விடையைக் கணப்பொழுதில் பெறலாம். விடையிலிருந்து எண்ணைக் கண்டுபிடித்தல் நடைமுறையில் இயலாது. "இவ்விடைக்குரிய எண்ணைக் காட்டினால் நூற்றொரு அலகு உமக்கு" என்று கொச்சியார் நாகபுரியாருக்கு வாக்குறுதிச் சீட்டு அளிக்கின்றார். "அதே எண்ணைக் காட்டினால் நூறு அலகு உமக்கு" என்று நாகபுரியார் கௌஹாத்தியாருக்கு அளிக்கின்றார். கௌஹாத்தியார் எண்ணைக் காட்டி நூறு பெறுகின்றார். அதே எண்ணைக் கொச்சியாரிடம் காட்டி நாகபுரியார் நூற்றொன்று பெறுகின்றார். எஞ்சிய ஓர் அலகு அவருக்குரிய தரகு. எண்ணைக் காட்டாதவருக்குப் பணம் இல்லை. ஆகவே இடையாளர் பணத்தை விழுங்க வழியே இல்லை.

இவ்வாக்குறுதிகளுக்குக் கெடு உண்டு. கொச்சி, நாகபுரி இடையேயுள்ள கெடு, நாகபுரி, கௌஹாத்தி இடையேயுள்ள கெடுவைவிட நீண்டதாக இருத்தல் வேண்டும். கௌஹாத்தியார் கடைசி நேரத்தில் எண்ணைக் காட்டினாலும், அதைக் கொச்சியாரிடம் காட்டித் தம் தொகையைப் பெற நாகபுரியாருக்குப் போதிய அவகாசம் வேண்டும் அன்றோ? எண் வெளிப்படவே இல்லையெனில், கெடு முடிந்ததும் பணம் அவரவரிடமே தங்கிவிடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். மூன்று மாணவர்களை வரிசையாக நிறுத்தி, இருவருக்கு இடையே பத்துப் புளியங்கொட்டைகளை வைத்து, பூட்டு எண்ணுக்குப் பதிலாக உறையிலிட்ட ஒரு சொல்லைப் பயன்படுத்தலாம். நடு மாணவனிடம் கொட்டைகள் தீர்ந்துவிட்டால் பணம் ஏன் செல்லாது என்பதையும் மாணவர்கள் தாமே கண்டுகொள்வர். அதுவே இம்முறையின் முதன்மையான குறைபாடும் ஆகும்.

வேறு வகை அடுக்குகள்

எதீரியம் என்னும் மற்றொரு பேரேடு 2015 ஜூலை 30இல் தொடங்கியது. அதன்மேல் 'ரோலப்' எனப்படும் வேறு வகை அடுக்கு அமைந்துள்ளது. ஆயிரக்கணக்கான கொடுக்கல் வாங்கல்களை வெளியே நடத்தி, அவற்றின் சுருக்கத்தையும், சரிபார்ப்பதற்கு வேண்டிய விவரங்களையும் ஒரு பொதியாகச் சுருட்டி மூலப் பேரேட்டில் இடுவது இம்முறை. இதில் இரு பிரிவுகள் உள. ஒன்றில், பொதி சரியானது என்றே முதலில் கொள்ளப்படும். பிழை கண்டவர் பொதுவாக ஏழு நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். அதனால் பணத்தை மூலப் பேரேட்டுக்கு நேரே திருப்பி எடுக்க ஏழு நாள் காத்திருக்க வேண்டியுள்ளது. மற்றொன்றில், பொதி சரி என்பதற்குரிய கணித நிரூபணமே உடன் இணைக்கப்படும். நெடுங்காத்திருப்பு வேண்டியதில்லை, ஆனால் நிரூபணத்தைத் தயாரிக்கக் கணிப்பொறி உழைப்பு மிகுதி.

2024 மார்ச் 13ஆம் நாள் எதீரியத்தில் செய்யப்பட்ட சீர்திருத்தம் குறிப்பிடத்தக்கது. ரோலப்புகளின் விவரங்களை நிரந்தரமாக அல்லாமல் ஏறத்தாழ 18 நாட்கள் மட்டும் வைத்திருக்கும் தனி இடம் அன்று ஒதுக்கப்பட்டது. அதன் பயனாகப் பல ரோலப்புகளில் கட்டணம் பெரிதும் குறைந்தது.

கிளைப் பேரேடுகள் என்பவை இவற்றினின்றும் வேறுபட்டவை. அவை தமக்கெனத் தனிச் சரிபார்ப்பாளர்களைக் கொண்டவை. மூலப் பேரேட்டின் பாதுகாப்பு அவற்றுக்கு முழுமையாகக் கிட்டாது. 2022 மார்ச்சில் ரோனின் என்னும் கிளைப் பேரேட்டில், ஒன்பது சாவிகளுள் ஐந்தைக் கைப்பற்றியவர்கள் 60 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புடைய நாணயங்களைக் கவர்ந்து சென்றனர். 'இரண்டாம் அடுக்கு' என்று விளம்பரப்படுத்தப்படும் யாவும் ஒரே தரத்தன அல்ல என்பதற்கு இது தக்க சான்று.

எல் சால்வடோர் நாட்டின் அனுபவம்

இம்முறையை ஒரு நாடு முழுவதும் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சியும் உண்டு. மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் 2001 முதல் அமெரிக்க டாலரையே நாணயமாகக் கொண்டது. அயல்நாடுகளில் உழைக்கும் மக்கள் அனுப்பும் பணம் அந்நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அப்பணத்தைச் சிக்கனமாகப் பெறலாம் என்ற நம்பிக்கையோடு, 2021 செப்டம்பர் 7 முதல் பிட்காயினையும் சட்டபூர்வ நாணயமாக்கினர். 'சீவோ' என்னும் அரசுச் செயலியைப் பெறும் ஒவ்வொருவருக்கும் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் வெகுமதியாக அளிக்கப்பட்டது. லைட்னிங் வழியாகவும் அதில் பணம் செலுத்த இயன்றது.

விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 1,800 குடும்பங்களை நேரிற் கண்டு பொருளியல் அறிஞர்கள் நடத்திய ஆய்வில், செயலியைப் பெற்றவர்களுட் பெரும்பாலோர் வெகுமதியைச் செலவிட்ட பின் அதனைத் தொடவில்லை என்று தெரியவந்தது. மக்கள் ரொக்கத்தையே விரும்பினர். புதிய முறையில் அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அயல்நாட்டுப் பணத்திலும் மிகச் சிறு பகுதியே இவ்வழியாக வந்தது. 2021 நவம்பரில் ஏறத்தாழ 69,000 டாலராக இருந்த ஒரு பிட்காயினின் விலை, 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது. சர்வதேச நாணய நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கண்ட பின், 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. பிட்காயினை ஏற்பது அவரவர் விருப்பம் என்றாயிற்று.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது ஒன்று. இரண்டாம் அடுக்கு பணத்தை விரைவாக நகர்த்தும். ஆனால் அப்பணத்தின் மதிப்பை நிலைநிறுத்தாது. நாட்கூலி பெறுவோருக்கு ஒரு நொடியில் பணம் வந்து சேர்வதைவிட, வந்த பணம் மறுநாளும் அதே அளவு அரிசி வாங்குமா என்பதே பெரிது.

ஒரு சிறு கணக்கு

வாய்க்காலைத் திறக்கவும் மூடவும் மூலப் பேரேட்டில் பதிவு தேவை என்று கண்டோம். அப்பேரேட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் பதிவுகளே இயலும். நம் நாட்டின் 140 கோடி மக்களும் ஆளுக்கு ஒரு வாய்க்காலைத் தனித்தனியே திறக்க விரும்பினால், வேறெவரும் பேரேட்டைத் தொடாமல் இருந்தாலும், 2,300 நாட்களுக்கு மேல், அதாவது ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலக மக்கள் அனைவருக்கும் எனில் முப்பத்தாறு ஆண்டுகள் ஆகும். ஒரே பதிவில் பலருடைய வாய்க்கால்களைச் சேர்த்துத் திறக்கும் முறைகளில் ஆராய்ச்சி நடைபெறுகின்றது. எனினும் இன்றுள்ள நிலையில் ஒவ்வொரு குடிமகனும் தமக்குரிய வாய்க்காலைத் தாமே ஆள்வது அரிது.

ஆகவே நடைமுறையில் பலர் ஒரு நிறுவனத்தின் செயலியையே நாடுகின்றனர். வாய்க்கால்கள் நிறுவனத்துக்கு உரியவை. சாவியும் நிறுவனத்திடமே இருக்கும். பயன்படுத்துவோர் பெயர் அந்நிறுவனத்தின் கணக்கேட்டில் மட்டும் இருக்கும். வங்கியை நம்ப வேண்டாம் என்று தொடங்கிய முறை, வங்கிக்குரிய சட்டக் கட்டுப்பாடும் வைப்புக் காப்பீடும் இல்லாத நிறுவனத்தை நம்புவதில் முடிகின்றது. இதனைக் கள ஊழியர்கள் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

நம் நாட்டு நிலை

நம் நாட்டில் கிரிப்டோ நாணயம் சட்டபூர்வ நாணயம் அன்று. 2022 ஏப்ரல் 1 முதல் இச்சொத்துகளைக் கைமாற்றிப் பெறும் இலாபத்துக்கு நூற்றுக்கு 30 வீதம் வருமான வரி விதிக்கப்பட்டது. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்துக்கொள்ளவும் இடமில்லை. குறித்த வரம்புக்கு மேற்பட்ட மாற்றங்களில் நூற்றுக்கு ஒன்று வீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்யும் விதி 2022 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் இவ்வணிக நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. பொருள் வாங்குவதற்காக நாணயத்தைக் கொடுப்பதும் கைமாற்றமே. ஆதலின் அடுக்கு எவ்வளவு விரைவுடையதாயினும், ஒவ்வொரு சிறு கொள்முதலும் வரிக் கணக்குக்கு உட்படும் ஒன்றாகின்றது.

மேலும், இரண்டாம் அடுக்கின் கருத்தை நம் நாட்டு முறையிலேயே காணலாம். 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. லைட் முறையில், ஒரு சிறு தொகையைக் கைப்பேசியில் ஒதுக்கி வைத்து, அதிலிருந்து சில்லறைச் செலவுகளைச் செய்யலாம். தொகையை ஒதுக்கியதும் திருப்பியதும் மட்டுமே வங்கிக் கணக்கேட்டில் பதிவாகும். தேநீர்ச் செலவுகள் அதில் இடம்பெறா. நோக்கம் ஒன்றே, இங்கு நம்பிக்கைக்கு ஆதாரம் கணிதம் அன்று, வங்கியும் அதனைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியுமாம்.

இரண்டாம் அடுக்குகளுக்கு உண்மையான தேவை அயல்நாட்டுப் பணத்தில்தான் உள்ளது. 200 டாலர் அனுப்புவதற்கு உலக சராசரியாக நூற்றுக்கு ஆறு வீதத்துக்கு மேல் செலவாகின்றது என்று உலக வங்கியின் கணக்குகள் காட்டியுள்ளன. 2030க்குள் இதனை மூன்று வீதத்துக்குக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபையின் இலக்கு. 2022ஆம் ஆண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் பெற்ற நம் நாட்டுக்கு இது சிறு விஷயம் அன்று. எனினும் இத்துறையில் வேறு வழியும் உண்டு. யு.பி.ஐ.க்கும் சிங்கப்பூரின் பேநவ் முறைக்கும் 2023 பிப்ரவரி 21இல் இணைப்பு ஏற்பட்டது. அரசாங்கங்களுக்கு இடையேயான இத்தகைய இணைப்புகள் பெருகினால், கிரிப்டோ அடுக்குகள் அவற்றோடு போட்டியிட்டே தம் பயனை நிலைநாட்ட வேண்டும். அன்றியும், செலவின் பெரும்பகுதி வழியில் அன்று, இரு முனைகளிலும் ஏற்படுகின்றது. அனுப்புவோர் தம் நாட்டுப் பணத்தை நாணயமாக மாற்றவும், பெறுவோர் நாணயத்தை ரூபாயாக மாற்றவும் தனித்தனியே செலவிட வேண்டும். நடுவழி மின்னல் வேகமாயினும் இவ்விரு வாயில்களும் மின்னல் வேகத்தில் திறப்பதில்லை.

கேட்கத்தக்க கேள்விகள்

எவரேனும் இத்தகைய செயலியைக் காட்டி யோசனை கேட்டால், பின்வரும் ஐந்தினைக் கேட்கும்படி கூறலாம். முதலாவது, இரகசியச் சாவி யார் கையில் உள்ளது? இரண்டாவது, பணத்தைத் திருப்பி எடுக்க எத்தனை நாளாகும், அப்பொழுது கட்டணம் எவ்வளவு? மூன்றாவது, நிறுவனம் நாளையே மூடப்பட்டால் மூலப் பேரேட்டின் வழியே பணத்தைத் தாமே மீட்க வழி உண்டா? நான்காவது, நிறுவனம் நம் நாட்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா? ஐந்தாவது, இலாபம் தருவதாக வாக்களிக்கின்றனரா? ஐந்தாவது கேள்விக்கு "ஆம்" என்பது விடையாயின், மற்ற நான்கையும் கேட்க வேண்டியதே இல்லை. பணம் செலுத்தும் சாதனம் இலாபம் ஈட்டித் தருவதன்று. தபால் அலுவலகத்தில் பணவிடை அனுப்பியவர் எவரும் அதனால் செல்வரானதில்லை.

முடிவாக, இரண்டாம் அடுக்கு வலைப்பின்னல்கள் கணித அறிவின் அரிய பயன் என்பதில் ஐயமில்லை. நம்பிக்கைக்கு இடமில்லாத இருவரிடையே நேர்மையான கணக்கை நடத்தலாம் என்பதை அவை செயலிற் காட்டியுள்ளன. சிறு தொகைகளை நொடியில், மிகக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவதும் இன்று நடைமுறையில் உள்ளதே. ஆனால் அவை எத்துணை பரவும் என்பது விரைவை மட்டும் பொறுத்ததன்று. நாணயத்தின் மதிப்பு நிலைபெறுமா, எளியவர் தம் சாவியைத் தாமே காத்துக்கொள்ள வழி பிறக்குமா, சட்டம் எவ்வாறு அமையும் என்னும் மூன்றையும் அது பொறுத்தது. இம்மூன்றும் தெளிவுபெறும் வரை, இதன் இயல்பை அறிந்திருப்பது அனைவருக்கும் நன்று; இதில் தம் சேமிப்பை இடுவது அனைவருக்கும் உரியதன்று.